பூதத்துக்கு மாற்று ஆள்

என் குரலை முதன்முதலில் கேட்டவர்கள் அண்டி ஆபீஸ் பெண்கள்தான். முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்போம். அம்மா அங்கே பருப்பின் தோல் உரிக்கிறாள்.

பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவுசெய்து, யாரும் இலவசமாகக் கேட்கும்படி இணையத்தில் போடும் குழு ஒன்றில் நான் சேர்ந்திருந்தேன். சம்பளம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். சத்தமாக வாசிப்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு, அதை மறைப்பானேன். அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைக் காயத் தொங்கவிடும் அறை ஒன்று இருக்கிறது. அங்கே நின்று பேசினால் எதிரொலியே வராது, ஷீட்டுகள் சத்தத்தை விழுங்கிவிடும். அந்த நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொண்டு ஒரு பழைய நாவலின் முதல் அத்தியாயத்தைப் பதிவுசெய்தேன்.

அம்மா அதை போனில் கொண்டுபோய், சத்தம் கூடுவதற்காக ஒரு அலுமினியச் சட்டிக்குள் வைத்து, வேலைக்கு நடுவே எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். சாயங்காலம் தீர்ப்போடு வந்தாள்.

"நல்லாத்தான் வாசிக்க. ஆனா அந்தப் பெண்ணு எதுக்குலே தனியா அந்த வண்டியில ஏறுதா? மாமி கேக்கச் சொன்னா."

மாமி என்றால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரிப்பவர்.

"கதையில அப்படித்தாம்மா இருக்கு."

"மாத்திப் படி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் மணி அடித்தது. கேட்பவர்கள் கதையை மாற்றலாம் என்கிற ஒரு விளையாட்டுக்குத்தான் நான் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அதற்குள் ஆட்களாக இருப்பார்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். அப்படி ஆடுவதற்கான கதைகளை வெளியிடும் இணைய இதழ் ஒன்று தமிழில் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தது. ஒரே நிபந்தனை, குறைந்தது ஒரு குழுவாவது அதை முடிவு வரை ஆடிப் பார்த்திருக்க வேண்டும். திங்கள்கிழமை கடைசி நாள். என் கதை தயார். ஆனால் என்னோடு ஆடும் நண்பர்களில் ஒருவன் விசா வந்து துபாய்க்குப் போய்விட்டான், இன்னொருவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்ற முடியவில்லை. கதையை மாற்றச் சொன்னவர்களையே ஆடக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாமியும், அதே வரிசையில் உட்காரும் ஒரு அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவித்த மரச்சீனிக்கிழங்கும் பால் ஊற்றாத கட்டஞ்சாயாவும் தருவதாக அம்மா சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்துவைத்தேன்.

கதை இதுதான். கோடையில் பேச்சிப்பாறை அணை வற்றும்போது ஒரு கல்மண்டபம் வெளியே தெரிகிறது. உள்ளே, மலைமேல் இருக்கும் பழைய சுனையின் மதகைத் திறக்கும் சாவி இருக்கிறது. அதை ஒரு பூதம் காக்கிறது. சாவி கிடைத்தால் ஊருக்குத் தண்ணீர். பதிவுசெய்யும் குரலில் கம்பீரமாக ஆரம்பித்தேன். மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாசிக்காத மக்ளே, சொல்லு."

சொன்னேன். அக்கா மலையேறுகிறவளாக இருக்கச் சம்மதித்தாள். மாமிக்கு வாள் கொடுத்தேன், வேண்டாம் என்று வைத்தியச்சி ஆனார். "நான் நானாட்டே இருக்கேன்," என்றாள் அம்மா.

பாறை ஏறினார்கள், சேற்றில் மாட்டினார்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மண்டப வாசலில் பூதம் எழுந்து நின்றபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சண்டைக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதிவைத்திருந்தேன்.

"எத்தன நாளா நிக்கி இது?" என்றார் மாமி.

"முந்நூறு வருஷமா."

"மாத்துக்கு ஆளு வரல்லியா?"

அதை நான் எழுதவில்லை. "இல்ல மாமி."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பகடையை அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நாங்க சண்டைக்கு வரல்ல, கேட்டியா. ஒரு எட்டு வீட்டுக்குப் போய்ட்டு வா, அதுவரை நான் நிக்கேன்னு அதுகிட்ட சொல்லு."

சண்டை போட்டே ஆக வேண்டும், அதுதான் விதி என்று சொல்லியிருக்கலாம். எழுதியபடியே முடிந்திருக்கும், திங்கள்கிழமை அனுப்பியிருக்கலாம். இல்லையென்றால் என் கையில் ஒரு வரிகூட இல்லாத கதைக்குள் போக வேண்டும், அது முடியுமா என்றே தெரியாது. ஐந்தரை பஸ்ஸை விட்டால் அக்காவுக்கு வேறு பஸ் கிடையாது. நோட்டை மூடிவிட்டுப் பூதத்தின் குரலில் சொன்னேன்:

"எனக்கு வீடு எங்கேன்னு மறந்து போச்சு."

மாமி சாயா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ முதல்ல அதைத் தேடணும்," என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். மாமியும் அக்காவும் பூதத்தைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அம்மா மண்டபத்தில் தனியாகக் காவல். ஊர்ப் பண்ணையாரின் ஆட்களை அவளிடம் அனுப்பினேன். சாவியைக் கொடு, இல்லையென்றால் உன்னையே பூட்டிவிடுவோம் என்று அதட்டினேன்.

அம்மா அசையவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது. காவலுக்கு உள்ள ஆளு வந்த பெறவு கேளுங்க."

"கண்டிப்பா உருட்டணும்மா."

பதினொன்று விழுந்தது, பண்ணையாரின் ஆட்கள் பின்வாங்கினார்கள். மாமி தொடையில் அடித்துச் சிரித்தார்.

அக்காவின் போன் அடித்தபோது மணி ஐந்து நாற்பது. பஸ் போய்விட்டது. "பைக்கை எடுத்துட்டு வாங்க," என்றாள் கணவரிடம். "இல்ல, மெதுவா வாங்க. பூதத்துக்க வீடு இன்னும் கிடைக்கல்ல."

ஆறேகாலுக்குக் கிடைத்தது. வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பூதம் சாவியை அம்மாவின் கையில் தானே கொடுத்தது. அவர்கள் போன கையோடு உட்கார்ந்தேன். சண்டைக்கான நான்கு பக்கத்தையும் நீக்கிவிட்டுப் புதிதாக எழுதி, மறுநாள் மத்தியானம் அனுப்பினேன். சண்டை எப்படி அமைந்தது என்று இதழின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நடக்கவில்லை என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கதையை எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் ஒரு குழு ஆடிப் பார்த்ததாம். பூதத்துக்குப் பதில் யார் காவல் நிற்பது என்று அவர்களுக்குள் பெரிய தர்க்கமாம். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மாவிடம் ரோட்டிலேயே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கடைசில ஆருலே நின்னா?"

"ஒரு இன்ஜினியராம்."

"எவ்வளவு நேரம்?"

"கடைசி வரைக்கும்."

பையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். "நல்ல பயலாட்டு இருப்பான்," என்றாள்.