பழைய துணிக்குப் பாத்திரம்

போன வாரம் மந்தாரக்குப்பத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரு டம்ளர் போதும் என்றேன். "செட்டா எடுத்துக்குங்கம்மா, ஆறு வரும்" என்றார் கடைக்காரர். என் வீட்டில் ஆறு பேருக்கு எங்கே போவது? ஒன்றோடு வெளியே வந்தேன். புது எவர்சில்வரின் அந்த எண்ணெய் வாசனையும், அதன் பின்னாலேயே மல்லிகா அக்காவும் கூட வந்துவிட்டார்கள்.

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை, வீட்டிலிருந்தால் தூங்குவார். என் நாகர்கோவில் பேச்சைக் கேட்டு அக்கம்பக்கத்தில் சிரித்ததால் நான் வாயையே திறப்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மல்லிகா அக்கா தலைக்கூடையோடு வருவார். பழைய துணி போட்டால் பாத்திரம். காசுப் பேச்சே கிடையாது. புடவையை விரித்துக் கிழிசல் பார்த்து, "இதுக்குக் கரண்டிதாம்மா வரும்" என்பார். நான் கிண்ணம் கேட்பேன். கிண்ணம் எனக்கு எதற்கு? பேரம் நீண்டால் பேச்சு நீளும், அவ்வளவுதான். மகளுக்குக் காய்ச்சல், முந்திரித் தோப்பில் பாம்பு, எல்லாம் அதற்கு நடுவில்தான் வரும்.

இரண்டே மாதத்தில் பழைய துணி தீர்ந்தது. பிறகு, இனிமேல் பழசாகப் போகிற துணிகளைப் போட ஆரம்பித்தேன். ஒருநாள் ஷிப்டுக்குக் கிளம்பிய கணவர் கொடியருகே நின்று, "எனக்க யூனிஃபார்ம் எங்கடி?" என்றார். அது மூடி போட்ட தூக்காக மாறி அடுக்களையில் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒன்று இரவல் வாங்கி, பொத்தான் பூட்ட முடியாமல் போனார் பாவம்.

அடுத்த செவ்வாய், கூடையை இறக்கும் முன்பே மல்லிகா அக்கா அந்த யூனிஃபார்மைத் துவைத்து மடித்து நீட்டினார். "இது ஆவாதும்மா. வேலைக்குப் போற துணி."

தூக்கைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"பேசிக்கினு இருக்கணும்னா கூப்புடு, குந்தறேன். அதுக்குத் துணி எதுக்கு?"

தண்ணீர் எடுக்கப் போவதுபோல் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம், போடத் துணியில்லாத செவ்வாய்களிலும் வந்து உட்கார்ந்தார். பிறகு வரவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பம் போனேன். வீடு பூட்டியிருந்தது. மகளோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டாராம்.

"உன்னாண்ட சொல்லிக்கினு போவலையா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அந்த குவார்ட்டர்ஸ் வரிசை இப்போது ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடக்கிறது. கணவர் போய் மூன்று வருஷமாகிறது. என் தெருவில் இன்று யாரும் கூவி விற்பதில்லை. பார்சல் கொண்டுவருகிறவர் கேட்டருகே வைத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நான் கதவைத் திறப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும்.