கட்டிலின் மற்றப் பக்கம்

என் கணவரின் வலது கணுக்காலில், சப்பாத்து உரசிய இடத்தில் ஒரு சிறு புண் வந்தது. மருந்து போட்டும் ஆறவில்லை. அந்த நாட்களில்தான் அவர் கட்டிலை விட்டுச் சோபாவுக்குப் போனார்.

படுத்தால் கால் குத்துகிறது, சோபாவில் இருந்தபடி தூங்கினால் சுகம் என்றார். நான் நம்பவில்லை. முன்பு என் கால் வீங்கியபோது தலையணையில் உயர்த்தி வைத்துத்தான் வற்றியது. அவருக்கும் அப்படியே செய்தேன். சிறிது நேரத்தில் எழுந்து போய்விட்டார். "உந்தச் சோபாவையே கலியாணம் கட்டியிருக்கலாம்" என்று கத்தினேன். தனியே கிடந்தபோது அவருடைய குறட்டைக்குக்கூட ஏங்கினேன்.

யாருக்கும் சொல்லவில்லை. தனித்தனியே படுக்கிறோம் என்று தெரிந்தால் கனடாவில் இந்த ஸ்காபரோத் தமிழர் முழுக்க அதுதான் கதை.

புண் பராமரிப்புக் கிளினிக்கில், இங்கே பிறந்த தமிழ்த் தாதி ஒருத்தி மருந்து கட்டுமுன் அவருடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, அங்கிள் எங்க படுக்கிறவர்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சோபாவில. ஏன் பிள்ளை?"

"காலைத் தொங்கப் போட்டா அந்தக் குத்துற நோ குறையுதோ, அங்கிள்?"

"ஓம் பிள்ளை. இவ நம்பினாத்தானே."

அவள் காலை உயர்த்தினாள், பாதம் வெளிறியது. கீழே விட்டதும் மெல்லச் சிவந்தது. டொப்ளர் (இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் கருவி) வைத்து, கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டாள். கையில் பலமாகக் கேட்ட ஒலி காலில் நலிந்து கேட்டது.

"காலுக்கு ரத்தம் போறது காணாது. டைட்டா பண்டேஜ் கட்டக்கூடாது. ஸ்பெஷலிஸ்ட் கெதியா பாக்கோணும். பிந்தினா காலை எடுக்க வேண்டி வரலாம்."

கார் தரிப்பிடத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்மேல் வெறுப்பு என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஸ்பெஷலிஸ்டிடம் போனோம். காலில் அடைத்திருந்த தமனியை (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்) பலூன் வைத்து விரித்தார்கள். புண் ஆறப் பல மாதங்கள் எடுத்தன. உங்கள் வீட்டிலும் இப்படி ஆறாத புண் இருந்தால், புண் உள்ளவர் எப்படித் தூங்குகிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

நோ போன பிறகும் அவர் சோபாவிலேயே இருந்தார். நீட்டிப் படுக்கப் பயம். நான் கேட்கவில்லை; தினமும் இரண்டு தலையணைகளையும் அருகருகே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு மத்தியானம், அவர் வந்து மற்றப் பக்கத்தில் படுத்தார். நான் அசையவில்லை. அவருடைய பாதம் என் காலில் பட்டது. இளஞ்சூடு.

"உம்மட கால் ஏன் இப்பிடிக் குளிருது?" என்றார்.

நான் காலை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தேன்.