நனையாத சாரன்

ஐம்பதுகளின் நடுப்பகுதி. சாய்ந்தமருதில் கடலை ஒட்டிய வளவொன்றில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவருக்குக் கடல்தான் தொழில்.

கல்யாணமான புதிதில், சந்தியில் கடை வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் கடன்பட்டு ஒரு வலை வாங்கினார். அந்த மாரியிலேயே வலையைக் கடல் கொண்டுபோய்விட்டது. முதலாளி வட்டி வைக்கவில்லை, ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதுமில்லை. ஆனாலும் இவருக்கு அவர் முகத்தில் முழிக்க முடியவில்லை. சந்திப் பக்கம் போவதை விட்டார். ஜும்ஆத் தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளியை விட்டுத் தூரத்துப் பள்ளிக்கு நடந்தார். என் தம்பியின் கல்யாணத்துக்கு, முதலாளி சாப்பிட்டுப் போனபிறகுதான் வந்தார். போகப்போக ஊரில் எவர் முகத்தையும் பார்க்கக் கூசினார். வேலிக் கடப்படியில் எந்த ஆண்குரல் கேட்டாலும் பின்பக்கத்தால் கடற்கரைக்கு இறங்கிவிடுவார். "அவர் கடலுக்குப் போயிட்டார்" என்று நான் உள்ளேயிருந்து சொல்வேன்.

பிறர் தோணியில் கூலிக்குப் போயும், அறுவடைக் காலத்தில் சவளக்கடைப் பக்கம் வெட்டுக்குப் போயும், கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தார். கடைசிக் காசையும் என் தம்பியிடம்தான் கொடுத்தனுப்பினார். இனிமேலாவது நிமிர்ந்து நடப்பார் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் தூரத்துப் பள்ளிக்குத்தான் போனார்.

மறுவருடம் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்த நேரம், கடப்படியில் ஸலாம் கேட்டது. முதலாளியின் குரல். கூலிக்குக் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். என் வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "அவர் கடலுக்குப் போயிட்டார்."

"அப்ப வரட்டும் புள்ள, நான் இரிக்கன்" என்று முதலாளி வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"புதுசா ஒரு கரைவலை போடப் போறன். பொறுப்பாப் பாக்க ஆள் வேணும். எனக்குச் சல்லி தரவேண்டி இருந்த ஆக்களில, கேக்காமலே முழுசாத் தந்தவர் அவர்தான். வேற ஆளத் தேட மனமில்ல" என்றார்.

கிடுகு வேலிக்கு அப்பால் நின்று இவர் அதைக் கேட்டிருக்கிறார். சற்று நேரத்தில் கரையைச் சுற்றிக்கொண்டு, கடலிலிருந்து வருகிறவரைப் போல முன்பக்கத்தால் வந்தார். கையில் மீன் இல்லை. இடுப்பில் கட்டிய சாரன் நனையவில்லை.

முதலாளி அந்தச் சாரனைப் பார்த்தார். பிறகு வாங்கில் நகர்ந்து இடம் விட்டார்.

"கடல் எப்பிடி இரிக்கி?"

"அமைதிதான் முதலாளி."

"ஓம், நல்லது. இரிங்க, கதைப்பம்."

கரையில் ஆட்கள் நின்று இழுக்கும் அந்தக் கரைவலையை இவர் பல வருடம் பொறுப்பாகப் பார்த்தார். எங்கள் குடிசை கல்வீடானது. முதலாளியோடு இவர் சிரித்துக் கதைப்பார், ஒரே சஹன் தட்டில் சாப்பிடுவார். ஊரில் மற்ற எவரோடும், கண்மூடி மவுத்தாகும்வரை, முகம் பார்த்துக் கதைத்ததை நான் காணவில்லை. வாங்கிய சல்லி திரும்பிப் போய்விட்டது. குனிந்துபோன அந்தத் தலையை எதைக் கொடுத்து நிமிர்த்தியிருக்கலாம் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.