முரடன் பூசிய சுவர்

அந்தக் கொத்தனாரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முரடன் என்றால்தான் தெரியும். மேஸ்திரியின் முன்பல்லைத் தட்டியவன். மட்டமான மணலைத் தலையில் கட்டப் பார்த்த லாரிக்காரனைக் கலவைக்குள்ளேயே அமுக்கியவன். வாய் திறக்குமுன் கை நீண்டுவிடும், என்ன செய்வது!

அந்தக் கை அடங்குவது மகளுக்கு மூச்சு இளைக்கும்போது மட்டும்தான். ஒரே பிள்ளை. படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்கிப் பூசணம் படர்ந்ததிலிருந்து, அவள் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. சிமெண்ட் பூச்சைக் கொத்தித் தள்ளிவிட்டு, சுண்ணாம்பைத் தானே நீற்றிக் குழைத்துப் பூசினான் முரடன்.

"இது மூச்சு விடுற சுவரு. ஈரத்தை வாங்கி வெளிய விட்டுடும், பூசணம் அண்டாது. எவனும் இதுமேல பெயிண்ட் அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளை அசந்து தூங்கினாள்.

மனைவியின் தம்பி பெயிண்டர். தங்கமானவன்தான், காது கொடுத்துக் கேட்கிற பழக்கம்தான் கிடையாது. அக்கா மகளின் பிறந்தநாளுக்கென்று, ஆளில்லாத நேரம் பார்த்து அந்த அறைக்கு ரோஜா நிற ஆயில் பெயிண்ட் அடித்துவிட்டான்.

வேலை முடிந்து வந்த முரடனுக்கு வாசலிலேயே நெடி மூக்கைத் துளைத்தது.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"சுவரு மொட்டையா இருந்துச்சே மாமா. பாப்பா சந்தோஷப்படுவான்னு..."

சொல்லி முடிப்பதற்குள் மூக்கில் குத்து விழுந்தது. மச்சான் டப்பாவோடு சரிந்தான். விழுந்தவனின் விலாவில் மிதித்தான் முரடன், மறுபடியும் மிதித்தான். மகளோடு அப்போதுதான் வீடு திரும்பிய மனைவி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள்.

"என் தம்பியைக் கொன்னுடாதய்யா."

அவளையும் தள்ளிவிட்டு, சுத்தியலை எடுத்துச் சுவரில் மாறி மாறி அடித்தான். பெயிண்டும் சுண்ணாம்பும் பாளம் பாளமாகப் பெயர்ந்தன. அறையெல்லாம் ஒரே தூசி. முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் பதறிக் கையை நீட்டினான். பிள்ளை அந்தக் கையைப் பார்த்துப் பின்வாங்கினாள், மூச்சு இன்னும் இழுத்தது. மூக்கில் ரத்தம் ஒழுக மச்சான் எழுந்து அவளை வாரித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். மனைவி மருந்துக் குழாயை வாயில் வைத்து அழுத்தினாள். மெல்ல மெல்ல இழுப்பு தணிந்தது.

முரடன் பின்னாலேயே வந்தான். அவனைக் கண்டதும் விசில் திரும்பவும் கிளம்பியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா," என்றான் மச்சான், திட்டாமல். "உங்களைப் பாத்தா இவளுக்கு மூச்சு வரமாட்டேங்குது."

முரடன் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றான். சுத்தியல் இன்னும் கையில்தான் இருந்தது.