திரைக்குப் பின்னால் பார்த்த இன்ஸ்புருக்: ஆய்க்குடியிலிருந்து எட்டரை மைல்

குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு யோசனை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி, எத்தனை நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். எந்த நாட்டுக்கும் போனதில்லை. பனியைத் தொட்டதில்லை, ஐஸ் வண்டிக்காரரிடம் வாங்கித் தின்றதோடு சரி. அந்த விளையாட்டுக்காக நான் செய்த பயணம் ஒன்றே ஒன்று. 1964 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, ஆய்க்குடியிலிருந்து குற்றாலம். எட்டரை மைல். போக வர எல்லாம் சேர்த்து ஏழரை மணி நேரம். சனிக்கிழமைக்கு ஏழரை பொருத்தம்தான்.

பைத்தியம் பிடித்தது 1956-இல், என் பத்தாவது வயதில். மாமா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய பார்சலைச் சுற்றியிருந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு மனுஷன் இரண்டு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் கிடந்தான். கீழே ஊர், சர்ச், மரம் எல்லாம் இருக்கிறது. இவன் மேலே படுத்துக் கிடக்கிறான். அன்றிலிருந்து மாமாவுக்கு நான் எழுதிய கடிதங்களில் நலம் விசாரிப்பு ஒரு வரி, பழைய பத்திரிகை அனுப்புங்கள் என்பது நான்கு வரி. அண்ணன் சங்கரன் வாசகசாலையிலிருந்து பழைய பேப்பர் கொண்டுவருவான். விதிமுறைகள், மார்க் போடும் முறை, எந்தப் பந்தயத்தை எப்படிப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஒரு நோட்டு நிரப்பினேன். இருபத்து நான்கு பக்கம்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தேன். பாளையங்கோட்டைப் பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. சேர வேண்டும் என்பது என் ஆசை. அப்பாவுக்கு வயல் இருந்தது, ஊரில் மரியாதை இருந்தது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் இரண்டையும்விட அதிகமாக இருந்தது. இந்த நேரத்தில்தான் குற்றாலத்தில் சீசனுக்கு வந்து தங்குகிறவர்களுக்காகச் சிலர் நடத்திய சங்கத்தின் செயலாளர் அண்ணனைத் தேடி வந்தார். இன்ஸ்புருக் என்ற ஊரில் இந்த வருஷம் நடந்த குளிர்கால ஒலிம்பிக் பற்றி ஒரு செய்திப்படம் கிடைத்திருக்கிறது, மூன்று ரீல், பேச்செல்லாம் ஜெர்மன் பாஷை, தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்றார். அண்ணன் என் நோட்டைக் காட்டினான். அதே பெண்கள் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தலைமை தாங்குகிறார் என்றும் செயலாளர் சொன்னார்.

அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, நீயே பேசு. அந்தம்மா கேட்டுட்டு, பிள்ளைய அனுப்புங்கன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் அனுப்புதேன்." அடுத்த வாரம் கல்லூரியில் சேர்க்கை முடிகிறது. ஆக, மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்குப் படம், எனக்கு அது நுழைவுத் தேர்வு.

பயண விவரம். ஆய்க்குடியில் மதியம் 2.10-க்கு பஸ். தென்காசி ஐந்து மைல், கட்டணம் 20 பைசா. அந்த மாதம்தான் சர்க்கார் 'நயா'வை எடுத்திருந்தது, ஆனால் கண்டக்டர் உட்பட ஒருவரும் விடவில்லை. 2.45-க்குத் தென்காசி. குற்றாலம் பஸ் 3.30-க்கு. மூன்றரை மைல், 15 பைசா. இடையில் கிடைத்த முக்கால் மணி நேரமும் நான் நோட்டை மனப்பாடம் செய்தேன். அப்பாவும் அண்ணனும் காப்பி குடித்தார்கள்.

குற்றாலம் பஸ்ஸில் கூட்டமே இல்லை. கண்டக்டர் அப்பாவிடம், "அண்ணாச்சி, அருவில தண்ணி நூல் மாதிரில்லா விழுது. இப்ப எதுக்குப் போறிய?" என்றார்.

"படம் பாக்க."

"தென்காசில கொட்டாய் இருக்கும்போது குத்தாலத்துக்குப் படம் பாக்கவா?" என்று சிரித்தார்.

"பனில வெளயாடுத படம்" என்றேன் நான். அப்பா திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்ஸ்புருக்கிலும் அந்த வருஷம் பனி பொய்த்துவிட்டது, பட்டாளத்துக்காரர்கள் மலையிலிருந்து சுமந்துவந்து கொட்டித்தான் போட்டி நடந்தது என்று சொல்ல நாக்கு துடித்தது. சாரல் இல்லாத குற்றாலத்துக்கு அது எவ்வளவு பொருத்தமான செய்தி.

3.50-க்கு இறங்கினோம். ஒரு சத்திரத்தின் பின்னால் இருந்த திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஆண்களுக்கு 25 பைசா, பெண்களுக்கு இலவசம். இலவசம் என்றதும் பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் திடலில் படம் போட்டால் புரொஜெக்டர் இருக்கும் பக்கம் ஆண்கள், துணிக்கு அந்தப் பக்கம் பெண்கள். படம் துணியில் ஊடுருவித் தெரியும், எல்லாம் இடவலம் மாறித் தெரியும். எழுத்து திரும்பியிருக்கும், வலக்கைக்காரன் இடக்கைக்காரன் ஆகிவிடுவான். அதற்குக் காசு வாங்கினால்தான் தப்பு.

மைக் ஆண்கள் பக்கத்தில் இருந்தது. இருட்டும் நேரம் கூட்டம் சேர்ந்ததும் நான் நோட்டோடு அதன் பக்கத்தில் போய் நின்றேன். செயலாளர் வந்து, "நீ அங்கன போயிரும்மா. சங்கரன் தம்பி வாசிக்கட்டும்" என்றார்.

"நான்தான் பேசணும்னு சொன்னீய."

"சொன்னேன். இப்ப கூட்டத்தப் பாத்தேல்லா. மைக்க அந்தப் பக்கம் தள்ளலாம்னா வயரு எட்டாது."

வயர் சுருட்டி அவர் காலடியிலேயே கிடந்தது, இன்னும் முப்பது அடி இருக்கும். அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டை உதறி முன்வரிசை நாற்காலியில் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார். பேராசிரியை அவருக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். தலைமை தாங்குகிறவர் என்பதால் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே பெண் அவர்தான். அண்ணனிடம் நோட்டைக் கொடுத்து, "ரீல் மாறுனா பக்கத்த மாத்திரு, படத்தப் பாத்து வாசி" என்று மூன்று தடவை சொன்னேன். தலையை ஆட்டினான்.

பின்பக்கம் நூறு பெண்கள் இருப்பார்கள். கடையநல்லூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பாத்துமுத்து அக்கா என்று ஒருவர் பாயில் இடம் விட்டார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. 6.55-க்குப் படம் ஆரம்பித்தது. ஆபரேட்டர் முதலில் மூன்றாவது ரீலைப் போட்டுவிட்டார்.

திரையில் ஒருவன் மலை உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து விளிம்பில் எகிறிக் காற்றில் மிதக்கிறான். மைக்கில் அண்ணன் முதல் பக்கத்தை, ஸ்கேட்டிங் ஓட்டத்துக்கு எழுதியதை, வாசிக்கிறான்: "இவர்கள் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, வளைவில் சாய்ந்து, இரண்டு இரண்டு பேராக ஓடுவார்கள்." ஆண்கள் பக்கம் சிரிப்பு. அடுத்தவனும் பறக்கிறான். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை, வாசிக்கிறான். யாரோ விசிலடித்தார்கள். எட்டு வருஷமாக நான் சேர்த்து வைத்ததைக் கேலிக்கூத்தாக்கிக்கொண்டிருந்தான்.

எழுந்து நின்று, "அண்ணே, பதினாலாம் பக்கம்" என்று கத்தினேன். மைக் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அதற்குமேல் பொறுக்கவில்லை. வயக்காட்டில் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எனக்கு. "இது மலைத்தாண்டல்" என்று ஆரம்பித்தேன். "ரொம்ப தூரம் போறவன்தான் ஜெயிப்பான்னு நெனைக்காதீங்க. அஞ்சு நடுவர் இருக்காவ. காத்துல உடம்பு ஆடாம இருந்துச்சா, இறங்கும்போது ஒரு காலு முன்ன ஒரு காலு பின்ன வச்சு இறங்குனானா, எல்லாத்துக்கும் மார்க்கு. அஞ்சுல கூடுனதயும் கொறஞ்சதயும் தள்ளிட்டு மிச்சம் மூணத்தான் எடுப்பாவ."

அண்ணன் நிறுத்திவிட்டான். சிரிப்பும் நின்றது. திரைக்கு இரண்டு பக்கமும் என் குரல் மட்டும்தான். அடுத்து, பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஓடும் ஸ்கேட்டிங் ரீல் வந்தது. "இரண்டு பேர் ஓடுதாவ, அதுல முன்னால வந்தவர் ஜெயிச்சாருன்னு கை தட்டாதீங்க. கடிகாரத்தோடதான் போட்டி. எல்லா ஜோடியும் ஓடி முடிச்சு, யாரு நேரம் கம்மியோ அவருதான். எப்பவும் இடது பக்கமாத்தான் சுத்துவாவ."

பாத்துமுத்து அக்கா என் சேலையை இழுத்தார். "ஏட்டி, நீ இடதுங்க. அவன் வலதால்லா திரும்புதான்."

"நமக்குத்தான்க்கா வலது. அங்கன இருக்கவங்களுக்கு இடது."

"அப்ப யாருக்குச் சொல்லுத?"

திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் யாருக்காகப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது அக்காவுக்குத் தெரிய வேண்டியதில்லை. துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு அம்மாளுக்காகப் பேசினேன். பலகையில் இருபது கிலோமீட்டர் ஓடி நடுநடுவே நின்று துப்பாக்கி சுடும் பந்தயம் கடைசியில் வந்தது. மூச்சு இரைக்க ஓடிவந்து, மூச்சைப் பிடித்துக் குறிபார்க்க வேண்டும், ஒரு குண்டு தவறினால் இரண்டு நிமிஷம் தண்டனை என்று சொல்லி முடித்தபோது மணி 8.15. எனக்குத் தெரிந்து அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விளக்கத்தை யாரும் சொல்லியிருக்க முடியாது. தற்பெருமை என்றால் தற்பெருமைதான்.

பேராசிரியை மைக்கை வாங்கினார். "பின்னால் இருந்து பேசிய பெண் யார்? நான் பார்க்க வேண்டும். வரச் சொல்லுங்கள்."

பாயை மிதித்துக்கொண்டு ஓடி ஓரத்து மூங்கிலுக்கு வந்துவிட்டேன். ஒரு எட்டு வைத்தால் வெளிச்சம். அங்கிருந்து முன்வரிசை முழுவதும் தெரிந்தது. எவரோ, "பொம்பளப்பிள்ளைக்கு என்னா சத்தம், யாரு வீட்டு வளர்ப்பு" என்றார்கள். செயலாளர் அப்பாவிடம் குனிந்து, "அண்ணாச்சி, உங்க பிள்ளதானே?" என்றார். எல்லாருக்கும் காதில் விழும் குரலில்தான் கேட்டார், பேராசிரியையும் திரும்பினார். அப்பா பக்கத்து நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"எம்பிள்ள இல்ல. அவ வரல, வீட்ல இருக்கா."

என்னைப் பின்னால் அனுப்பிய செயலாளர் அதற்குமேல் கிளறாமல் நிமிர்ந்துகொண்டார். அண்ணன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பேராசிரியை அந்த நோட்டை வாங்கிப் புரட்டி, நன்றாக எழுதியிருக்கிறாய் தம்பி என்றார். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் மைக் இல்லாமல் கத்தியவள் நான். "நான்தான்" என்று ஒரு வார்த்தை. வெளியே வந்தால் அத்தனை பேர் முன்னால் அப்பா பொய்யர் ஆகிவிடுவார். அதை நினைத்து நின்றேன். பேராசிரியை சிறிது நேரம் பார்த்துவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். "ஏட்டி, போ, ஒன்னயத்தான் கூப்பிடுதாவ" என்றார் பாத்துமுத்து அக்கா. "என்னய இல்லக்கா" என்றேன். அப்பா சொன்ன பொய்யை நானும் சொல்லியாயிற்று.

8.40 பஸ். தென்காசி 9.00. ஆய்க்குடி 9.40. தென்காசியில் அப்பா எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்து, "தொண்ட கட்டிரும், குடி" என்றார். அன்றைக்கு அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அடுத்த வாரம் சேர்க்கை முடிந்தது. அடுத்த தை மாதம் வாசுதேவநல்லூரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நோட்டு அண்ணனிடமே நின்றுவிட்டது.

இனி போகிறவர்களுக்கு. மலைத்தாண்டலைப் பார்க்க அடிவாரத்தில் இடம் பிடியுங்கள், இறங்கும் கால்தான் மார்க்கைத் தீர்மானிக்கிறது. ஸ்கேட்டிங் ஓட்டத்தில் முதல் ஜோடியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. மலைச்சரிவுப் பந்தயத்துக்குக் கண்ணாடியும் கெட்டியான காலுறையும் வேண்டும் என்கிறார்கள், எனக்குத் தெரியாது. பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களை முன்னால் உட்கார வையுங்கள். யாராவது அவர்களைக் கூப்பிட்டால் நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

1969-இல் இரண்டாவது பிரசவத்துக்கு ஆய்க்குடி வந்திருந்தேன். அப்பாவுக்கு உடம்பு தளர்ந்திருந்தது. ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குத்தாலத்துல நான் இல்லன்னு சொன்னா என்ன, நீ வந்து நின்னுருக்கலாம்லா. வருவ வருவன்னு அந்த மூங்கிலயே பாத்துகிட்டு இருந்தேன். வந்திருந்தா அனுப்பிருப்பேன்."

நான் அவருக்கு மோர் ஊற்றினேன். தன் பழியைத் தள்ளிவிட அந்த மனுஷன் சொன்ன பொய்தான் அது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். நிஜம் என்றால் என்னால் தாங்க முடியாது.