ரிப்போர்ட் கார்டில் அம்மாவின் இடம்

என் ரிப்போர்ட் கார்டில் முதல் இரண்டு ஆண்டுகளும் அம்மாவின் கட்டைவிரல் ரேகைதான் இருந்தது. யோங் பெங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிய அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. மூன்றாம் ஆண்டில் வகுப்புத் தோழி ஒருத்தி அந்த ஊதா ரேகையைப் பார்த்துச் சிரித்தாள். அன்று மாலையே அம்மாவை உட்கார வைத்து, அவர் பெயரை எழுதப் பழக்க ஆரம்பித்தேன். ஒரு மாதம் பிடித்தது.

அதன்பின் ரிப்போர்ட் கார்டு வரும் நாள் எங்கள் இருவருக்கும் மட்டுமே உரியதாகிவிட்டது. வேலை முடிந்து குளித்து, மேசையைத் துடைத்து, கார்டுக்கு அடியில் பழைய நாளிதழை விரித்து அம்மா உட்காருவார். ஒவ்வொரு வரியையும் நான் படித்துக் காட்டினால்தான் பேனாவைத் தொடுவார். ஒருமுறை கணிதத்தில் நாற்பத்திரண்டை எழுபத்திரண்டு என்று படித்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பப் படி."

"நாப்பத்திரண்டு."

"அலமாக், அதுக்குள்ள முப்பது மார்க்கு எங்க ஓடிப் போச்சு?"

பள்ளியின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவம் வரை ஒரு கார்டும் அந்தக் கையெழுத்து இல்லாமல் பள்ளிக்குத் திரும்பியதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள், பல்கலைக்கழகம் வரை போனவள் நான். இன்றும் அதைத் தலைநிமிர்ந்துதான் சொல்வேன்.

என் மகள் பிறந்தபோது அம்மா செனாயில் எங்களோடு வந்து தங்கினார். அவள் முதலாம் ஆண்டில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "இவ முதல் கார்டுக்கு நாந்தான் சைன் போடுவேன். எப்படி உட்காரணும், எப்படிப் படிக்கணும்னு காட்டிக் கொடுத்திடுறேன். அப்புறம் நீயும் உம்மகளும் பாத்துக்குங்க."

கார்டு வந்த நாளன்று நான் வீடு திரும்புவதற்குள் மகள் தூங்கிவிட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் நிதானமா உட்காருவோம்" என்றார் அம்மா. மறுநாள் காலை, பள்ளி வாசலில் காரை நிறுத்தியபோது, ஆசிரியர் இன்றே திருப்பிக் கேட்டிருக்கிறார் என்று மகள் கார்டை நீட்டினாள். ஸ்டியரிங் மேல் வைத்துக் கையெழுத்திட்டேன். மதிப்பெண்களைக்கூடப் பார்க்கவில்லை.

"பாட்டி?" என்றாள்.

"நேரமில்லடா, ஓடு."

மாலையில் வந்தபோது மேசை துடைத்திருந்தது. நாளிதழ் விரித்திருந்தது. அம்மா தலை சீவி உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெத்தவங்கதான் போடணும்மா. உங்க சைன் அதுல செல்லாது" என்றும் சொன்னேன்.

அம்மா நாளிதழை மடித்தார். "ஆமா லா. படிச்சவ போட்டாதான் சரியா இருக்கும்."

குரலில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

மூன்று மாதத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் போயின. ஆண்டிறுதிக் கார்டு வந்த அன்று நான் விடுப்பு எடுத்தேன். அம்மாவின் கைகளைக் கழுவித் துடைத்து, மேசை முன் உட்கார வைத்தேன். மகள் ஒவ்வொரு பாடமாகப் படித்துக் காட்டினாள். ஒரு மதிப்பெண்ணையும் மறைக்கவில்லை. அம்மா கடைசி வரி வரை கேட்டார்.

இடக்கையில் பேனாவை வைத்தேன். "கோடு மாதிரி கிறுக்கினாலும் போதும்மா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். இந்த முறை அது விழவில்லை. அம்மாவே அதைக் கார்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து என் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"பாட்டிக்குக் கை வலிக்குதா?" என்று மகள் கேட்டாள்.

நான் பேனாவை எடுத்தேன். என் பெயரை எழுதினேன். அம்மா தலையை அசைத்தார், ஒரு வேலை சரியாக முடிந்ததைப் போல.

செல்லாது என்று நான் சொன்னதை அம்மா நம்பிவிட்டிருந்தார்.