ஒன்பதாவது விதி

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைக்குப் போகிற சாலையில் இருபத்திரண்டு வீடுகள் கொண்ட அந்தக் காலனிக்கு ஒரு பெயர் வைக்க மூன்று பொதுக்குழு கூடியும் முடியவில்லை. ஆனால் வீட்டுக்காரர் சங்கத்துக்கு விதிகள் எழுத ஸ்ரீபாலனுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். மொத்தம் இருபத்தாறு விதிகள். காலனிக்காரர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். பிற்பாடு பட்டதெல்லாம் அதனால்தான்.

சங்கத்தின் சொத்து ஒரு கிணறு, எழுபதாம் வருஷம் போட்ட மின்சார மோட்டார், உயரமாகக் கட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி, ரேடியோ உள்ள ஒரு வாசகசாலை, தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்த ஓர் இரும்பு ஏணி. ஏணிக்கு ஒரு கால் குட்டை. அதைச் சரிசெய்வதாகச் சங்கத்து நோட்டில் இரண்டு வருஷமாகத் தீர்மானம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் தெருவில் ஒரு வால்வு உண்டு. அதைத் திருகும் சாவி செயலாளர் ஸ்ரீபாலனின் இடுப்பில் இருந்தது. சாவியோடுதான் குளித்தார் என்று சொல்பவர்களும் இருந்தார்கள், நான் பார்க்கவில்லை.

பொதுக்குழு எவ்வளவு சூடாக நடந்தாலும் ஐந்தரைக்கு முடிந்துவிடும். ஸ்ரீபாலன் நயினார், சமணர். பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். காலனியின் பாதிச் சண்டைகள் அந்த ஒரே காரணத்தால் பாதியில் நின்றன.

ஒன்பதாவது விதி, தண்ணீர்த் தொட்டியின் மேல் யாரும் ஏறக்கூடாது என்றது. ஏறினால் அந்த வீட்டுக்கு மூன்று நாள் தண்ணீர் கிடையாது. அப்படி நிறுத்திய வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்றது பத்தாவது விதி. இதில் முதலில் மாட்டியவன் முனிரத்தினம். வீட்டில் இரண்டு தறி வைத்து நெய்கிறவன். வைகாசி கருட சேவையன்று முழங்கால் வீங்கிப்போய் சின்ன காஞ்சிபுரம்வரை நடக்க முடியாமல், விடியற்காலையில் தொட்டிமேல் ஏறி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நடக்க முடியலை சார். பெருமாள் குடையாவது தெரியுதான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றான்.

"நடக்க முடியாத கால் ஏணி மட்டும் ஏறுமா?" என்று கேட்டார் ஸ்ரீபாலன். வால்வை மூடிவிட்டார். முனிரத்தினத்தின் மனைவி சம்பூர்ணம் மூன்று நாளும் அரை மைல் தள்ளியிருந்த சாலைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஸ்ரீபாலனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் கிணற்றில் ஒரு காக்கை விழுந்து செத்தது. காக்கைக்காக ஒரு வேளை சாப்பிடாமல் இருந்த ஸ்ரீபாலன், மறுவாரமே கிணற்றை மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடத் தீர்மானம் கொண்டுவந்தார். வாசகம் அவ்வளவு அழகாக இருந்ததால் இரண்டு தடவை படித்துக் காட்டினார். எல்லோரும் கை தூக்கினார்கள். பத்தே நாளில் கிணறு மூடியாயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவி குணமாலாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவள் கேட்டாள்: "சரிங்க. இனிமே வடிகட்டுற துணிய நான் எங்க அலசுறது?"

ஸ்ரீபாலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குணமாலா மோட்டார் வந்த பிறகும் கயிறும் குடமுமாகக் கிணற்றில்தான் குடிதண்ணீர் சேந்தினாள். அதை இரட்டை மடிப்பு வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். துணியில் தங்கிய சிற்றுயிர்களை, கண்ணுக்குத் தெரிந்ததோ தெரியாததோ, ஒரு சொம்பில் அலசி அதே கிணற்றில் திரும்ப விடுவாள். வந்த தண்ணீருக்கே அவை போக வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் கொன்ற பாவம். முப்பத்தைந்து வருஷமாகத் தினமும் கண்ணெதிரே நடந்த காரியம். எதிரிலேயே இருந்ததால்தான் மறந்துபோனது போலிருக்கிறது.

தீர்மானத்தை மாற்றலாமா என்றால், நிறைவேறிய தீர்மானத்தை ஒரு வருஷத்துக்குத் தொடக்கூடாது என்பது பதினேழாவது விதி. அதையும் எழுதியவர் அவரேதான்.

"அப்ப நான் தண்ணி குடிக்கலை, விடுங்க" என்றாள் குணமாலா. கோபமாகச் சொல்லவில்லை. அன்று முழுக்கக் குடிக்கவுமில்லை. ஸ்ரீபாலன் பயந்துபோனார்.

மறுநாள் காலை குணமாலா குழாய்த் தண்ணீரை வடிகட்டினாள். துணி அலசிய சொம்பை வாங்கிக்கொண்டு, அறுபது வயதுச் செயலாளர் அந்த ஆடுகிற ஏணியில் ஏறி, தொட்டி மூடியைத் தூக்கி, சொம்பைக் கவிழ்த்துவிட்டு இறங்கினார். பத்தொன்பது நாள் இப்படி நடந்தது.

இருபதாம் நாள், தறிக்குழியில் உட்கார்ந்திருந்த முனிரத்தினம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். மத்தியானத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துபோயிற்று. செயலாளர் தண்ணீரில் எதையோ கலக்கிறார். மருந்து என்றார்கள், மந்திரித்த தண்ணீர் என்றார்கள். ஒரு வீட்டில் கொஞ்ச நாளாகப் பருப்பு வேகாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னொரு வீட்டில் மூட்டுவலி குறைந்திருந்தது.

சங்கத் தலைவர் தனசேகரன் பட்டுக்கடைக்காரர். வாடிக்கையாளர் மனம் கோணாமல் பேசியே பழகியவர். வாசகசாலையில் அவசரக் கூட்டம் போட்டு, "சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்குறோம். அந்தச் சொம்புல என்ன இருக்குது சார்?" என்றார்.

"பூச்சி" என்றார் ஸ்ரீபாலன்.

வாசகசாலை இரண்டுபட்டது. "எங்க குடிதண்ணியில பூச்சிய ஊத்துறியா?" என்று ஒருவர் பெஞ்சியின் மேலேயே ஏறிவிட்டார். ஸ்ரீபாலன் சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"எல்லாம் அந்தத் தண்ணியில இருந்ததுதான். நான் புதுசா ஒண்ணும் சேக்கலை. எடுத்ததத் திருப்பி விட்டேன்."

இது யாருக்கும் ஆறுதலாக இல்லை. ஸ்ரீபாலன் நோட்டைப் பிரித்து ஒன்பதாவது விதியைத் தெளிவான குரலில் படித்தார். பிறகு எல்லோரும் பார்க்கத் தெருவில் குந்தி உட்கார்ந்து, தன் வீட்டு வால்வைத் தானே மூடினார். நேரம் ஐந்து இருபது. சாப்பிடப் போனார்.

வடித்து வைத்திருந்த தண்ணீர் மறுநாள் மத்தியானத்தோடு தீர்ந்தது. சாலைக் குழாய்க்குப் போகலாம். ஆனால் அந்தத் தண்ணீரின் பூச்சியை எங்கே கொண்டுபோய் விடுவது? குணமாலா உதட்டை நனைக்கவில்லை. ஸ்ரீபாலனும் குடிக்கவில்லை. சித்திரை வெயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். விதி எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஜுரமாவது வந்திருக்கக் கூடாதா என்று அவர் நினைத்தார்.

ஐந்து மணிக்கு, பட்டப்பகலில், நட்ட நடுத்தெருவில், இடுப்பில் குடத்தோடு சம்பூர்ணம் வந்தாள்.

"பத்தாவது விதி இருக்குதும்மா" என்றார் ஸ்ரீபாலன், எழுந்து நின்றபடி.

"இருக்கட்டும் சார். மூணு நாள் தண்ணி இல்லாம இருந்தா என்னா பாடுன்னு எனக்குத் தெரியும். அந்த அம்மா என்னா பண்ணாங்க?" அவரைத் தாண்டி உள்ளே போனாள். "நம்ம தொட்டித் தண்ணிதாம்மா. கிணத்தடியில நீங்க பண்றாப்பலவே புதுத் துணியில ரெண்டா மடிச்சி வடிகட்டிட்டேன், குடிங்க. துணிய இன்னும் அலசலை, அப்படியே எடுத்தாந்துட்டேன். எதுல அலசணும், சொல்லுங்க."

குணமாலா சொம்பை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

ஸ்ரீபாலனுக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சற்றைக்கெல்லாம் முனிரத்தினம் அந்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, தொட்டிப் பக்கம் போவதைப் பார்த்தார். பின்னாலேயே நடந்தார். அதற்குள் அவன் நாலு படி ஏறிவிட்டான். ஏணி ஒரு பக்கமாக ஆடியது.

"சம்பூர்ணம் ஊத்திட்டு வரச் சொன்னா சார்" என்றான், திரும்பாமல். "எழுதிக்கோங்க."

ஸ்ரீபாலன் நோட்டைத் தரையில் வைத்தார். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மேலே சொம்பு கவிழும் சத்தம் கேட்டது. மூடியும் மூடியாயிற்று. முனிரத்தினம் இறங்கவில்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல சார். கோயில் கோபுரம் தெரியுது."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்ரீபாலன் இன்னும் சாப்பிடவில்லை.

"நிதானமா கும்புட்டுட்டு எறங்கு" என்றார். "நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்."